திருநீறு பூசிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போகிறவர்களுக்கு

முதலில் கையைக் கழுவுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருநீறு சாணச் சாம்பல். அதில் கல்சியம் இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, பொசுபேற்றும் இருக்கிறது. காலையில் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையப் பூசிவிட்டு, அதே விரலோடு குடுவையைத் தொட்டால் அந்தத் தூள் பரிசோதிக்க வந்த தண்ணீருக்குள் போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை, பொசுபேற்றுப் பரிசோதனையில் பிளாங்க் ஏறி நின்றது. பிளாங்க் என்பது வெறும் காய்ச்சி வடித்த நீர். அதில் ஒன்றும் காட்டக் கூடாது. கரைசல்களை மாற்றினோம், குடுவைகளை அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவினோம், திரும்பவும் ஏறியது. மத்தியானம்தான் என் மேலதிகாரி என் விரல் நுனிகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர்க் குழாயைக் காட்டினார்.

அன்றிலிருந்து நெற்றியில் இருப்பது தொப்பிக்குக் கீழே அப்படியே இருக்கும். கை மட்டும் முழங்கை வரைக்கும், பொசுபேற்று இல்லாத சவர்க்காரம் போட்டு, கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் கழுவப்படும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பழக்கம்.

யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் பரிசோதிப்பது என் வேலை. பயிற்சிக்கு வருகிற பல்கலைக்கழகப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர், நன்றாகப் பழகிய பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: “மிஸ், இவ்வளவு படிச்சும் உண்மையாத்தான் கும்பிடுறீங்களோ?” உண்மையாகத்தான் கும்பிடுகிறேன். சமயமும் விஞ்ஞானமும் ஒத்துப்போகுமா என்று பொதுவாகப் பேசத் தொடங்கினால் விடியவிடியப் பேசலாம், அடுத்த நாள் காலையில் என்ன செய்வது என்று மட்டும் தெரியாது. ஆகவே ஒரு வேலைநாளில் இரண்டையும் எப்படிக் கொண்டுபோவது என்று, நான் செய்துவருகிறபடி எழுதுகிறேன்.

வாணி விழாவிலிருந்து தொடங்கலாம். நவராத்திரி முடிவில் இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் ஊரில் எல்லா இடத்திலும் உண்டு. ஆய்வுகூடத்தில் வைக்கும்போது, ஒளியை விட்டு அளக்கிற ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டருக்கு மேல் மூடியின் ஓரத்தில் ஒரு சிறு பொட்டு வையுங்கள். மாதிரிக் குழாய் வைக்கிற அறைக்குள் விரல் போகக் கூடாது, அங்கே ஒளி ஓடுகிறது. தராசில் பொட்டு வேண்டாம். தராசுக்கு முன்னால் ஒரு பூ வைத்தால் போதும், அதையும் பூசை முடிந்த உடனே எடுத்துவிடுங்கள். கற்பூரத்தை வெளி விறாந்தையில் கொளுத்துங்கள். உள்ளே எளிதில் தீப்பற்றுகிற அசிற்றோன் போத்தல் இருக்கிறது. கலைமகள் விறாந்தையில் காட்டிய தீபத்தையும் ஏற்றுக்கொள்வாள் என்பது என் நம்பிக்கை.

விரதம் பிடிக்கிறவர்கள் வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் நான் பகலில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. நாலாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு கண் கொஞ்சம் மந்தமாகும். தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கிற நியமிப்பில், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கிற பரிசோதனையில், வைன் சிவப்பு நீலமாக மாறுகிற அந்த ஒரு சொட்டைப் பிடிக்க வேண்டும். ஒரு வருடம் அதைத் தவறவிட்டு, இரண்டு சொட்டுக் கூடப் போய், அன்றைய ஒன்பது மாதிரிகளையும் அடுத்த நாள் திரும்பச் செய்தேன். இப்போது அந்த ஆறு நாளும் நியமிப்பு எல்லாம் காலை பத்து மணிக்குள். பிறகு பதிவேடு, லேபல், கழுவுகிற வேலை. என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் தம்பி நோன்பு மாதத்தில் இதையே செய்கிறார், நானும் அவரும் முறை மாற்றிக்கொள்வோம். விரதம் என்னுடையது. பிழையான கணக்கைச் சுமக்கப்போவது கிணற்றுக்காரர். அது நியாயமில்லை.

இவையெல்லாம் இலேசானவை. இனிச் சொல்லப்போவதுதான் கடினமானது.

கோயில் கிணறு வந்தால்

வலிகாமத்தில் செம்பாட்டுத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு அம்மன் கோயில். பெயர் வேண்டாம். சின்ன வயதில் அம்மம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போன கோயில் அது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் எனக்கு முதல் தீர்த்தம் தந்தார்கள். சில வருடங்களுக்கு முன் திருவிழாவுக்கு முன்னால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்தக் கிணற்று மாதிரியை எங்களுக்கு அனுப்பினார். நைத்திரேற்று பார்க்க வேண்டும், கிருமி பார்க்க வேண்டும்.

எங்கள் குடாநாட்டின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் என்று விளங்கும். இங்கே வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்பதுதான் நமக்குக் குடிநீர். அந்தக் கல் வெடிப்பும் குகையுமாக இருக்கிறது, மேலே விழுந்தது வடிகட்டப்படாமல் கீழே போய்ச் சேரும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற யூரியா, கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழி, மாட்டுப்பட்டி எல்லாம் சேர்ந்து கிணற்றில் நைத்திரேற்றாக வந்து நிற்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேல் போனால் முதலில் ஆபத்து புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு. குருதி ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கும்.

ஐம்பது மில்லிலீற்றர் மாதிரிக்கு ஐதரோகுளோரிக் அமிலம் சேர்த்து, 220 நனோமீற்றர் புற ஊதா ஒளியில் ஒரு வாசிப்பு, சேதனப் பொருளின் குழப்பத்தைக் கழிக்க 275-இல் இன்னொரு வாசிப்பு. கணக்குப் போட்டேன். எழுபதுக்கு மேலே வந்தது.

என் கை அடுத்த குழாயை எடுக்கப் போனது. இன்னொரு தரம் பார்த்தால் குறையுமோ என்று. அந்த இடத்தில் நின்று கொண்டேன். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பந்தியைத்தான் நினைவில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இதை வைத்திருங்கள். உங்களுக்குப் பிடித்த முடிவு வராதபோது திரும்பச் செய்ய மனம் வரும். அப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இது சந்தையடித் தேத்தண்ணீர்க் கடையின் கிணறாக இருந்திருந்தால் திரும்பப் பார்த்திருப்பேனா? பார்த்திருக்க மாட்டேன். இரண்டு போத்தல் எடுப்பது, இரண்டு போத்தலின் அளவும் பத்து வீதத்துக்குள் ஒத்துப்போனால் அதுவே முடிவு, இல்லாவிட்டால் மூன்றாவது என்பது எங்கள் ஒழுங்கு. அது எல்லாக் கிணற்றுக்கும் மாதிரி வருவதற்கு முன்னமே எழுதி வைக்கப்பட்டது. இரண்டு போத்தலும் ஒத்துப்போனது. அம்மன் கிணற்றுக்கு மூன்றாவது இல்லை.

அன்று பின்னேரம் வீட்டில் விளக்கு வைக்கும்போது அழுதேன். எழுதினதை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தக் கிணற்றைக் கெடுத்தது நாங்கள் எல்லோரும் என்று இருந்தது.

பிறகு, முடிவைக் கொண்டுபோய்ச் சொல்வது. கடிதத்தில் அனுப்பிவிட்டு இருக்கலாம், ஆனால் போனேன். போகும்போது செய்யக் கூடாத இரண்டு உண்டு. “தீர்த்தம் கூடாது” என்று தொடங்கக் கூடாது. “அறிவியல் நிரூபித்துவிட்டது” என்று ஐயரிடம் பாடம் எடுக்கக் கூடாது. எதை அளந்தீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள்.

ஐயர் வடக்கு வீதியில் வேப்பமரத்துக்குக் கீழே இருந்தார். “ஐயா, கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருக்கு. தோட்டத்து உரமும் பக்கத்துக் குழியளும் ஊறி வந்தது” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “பிள்ளை, அம்பாளுக்கு அபிஷேகம் செய்யலாமோ?”

“அது எனக்குச் சொல்ல உரிமையில்லை ஐயா. அது உங்கட ஆகமம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது எண்டு மட்டும் நான் சொல்லுவன்.”

“அவித்துக் குடுத்தால்?”

“நைத்திரேற்று இன்னும் அதிகமாகும் ஐயா. தண்ணி வத்த, உள்ளதெல்லாம் மிச்சத்தில நிக்கும்.”

இதை ஆறுதலாக விளக்கிச் சொல்லுங்கள், நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. பெரியவர்கள் உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கிற ஒரு மிடறுத் தீர்த்தத்தால் நைத்திரேற்று ஆபத்து வராது, நாள் முழுக்கக் குடிப்பதும் குழந்தைக்குக் கொடுப்பதும்தான் கவலை. கிருமியின் கதை வேறு, அதற்கு ஒரு மிடறும் போதும். நூறு மில்லிலீற்றரில் ஈ. கோலை என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்தக் கிணற்றில் அதிர்ஷ்டவசமாக இல்லை. இருந்தாலும் திருவிழாவுக்கு முன் குளோரீன் போடச் சொன்னோம்.

பரிபாலன சபையில் ஒருவர் மட்டும் வீதி வரைக்கும் பின்னால் வந்தார். “சாமிக் கிணத்தில பிழை வருமோ? அந்த இலக்கத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ பிள்ளை, அம்மாள் உங்களுக்கு ஒரு குறையும் விடமாட்டா” என்றார். கெட்ட மனிதர் இல்லை, கோயிலுக்காகவே ஓடித் திரிகிறவர். நான் சொன்னேன்: “அம்மாளுக்கு முன்னால பொய் எழுதச் சொல்லுறீங்கள் ஐயா. என்னால ஏலாது.” கோபித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் அன்னதான மடத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தாங்கி வைத்து, பவுசரில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். அபிஷேகம் அந்தக் கிணற்றிலிருந்துதான். நானும் போனால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

இங்கே நம்பிக்கை எனக்கு ஒரு உதவி செய்தது, அதை மறைக்க மாட்டேன். அந்த இலக்கத்தைக் குறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று நம்புகிறவளுக்கு அது முடியாது. நம்பிக்கை இல்லாத என் தோழி ஒருத்தியும் அதே இலக்கத்தைத்தான் எழுதியிருப்பாள், வேறு காரணத்துக்காக. அவளோடு ஒரே மேசையில் இருந்து வேலை செய்வதில் எனக்கு ஒரு இடைஞ்சலும் இருந்ததில்லை.

கதையையும் கல்லையும் கலக்காமல் வைத்திருங்கள்

பயிற்சிப் பிள்ளைகளை ஒரு தரமாவது நிலாவரைக்குக் கூட்டிப் போவேன். புத்தூருக்குப் பக்கத்தில், நவக்கிரியில். வானரப் படைக்குத் தாகம் எடுத்தபோது இராமர் அம்பு ஊன்றி எடுத்த தண்ணீர் என்பது கதை. மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர் என்பது அளந்து பார்த்தது. சுண்ணாம்புக்கல் கரைந்து கூரை இடிந்து உண்டான பள்ளம் அது. மழைநீர் கடல்நீரை விட இலேசு. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீருக்கு 1.025. அதனால் உப்பு நீருக்கு மேலே நன்னீர் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நிற்கும். மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்பு ஏறி வரும். யாழ்ப்பாணத்தின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

படிக்கட்டில் நின்று பிள்ளைகள் ஒருதரமாவது சொல்வார்கள்: “அப்ப எங்கட முன்னோருக்கு இந்த வில்லையைத் தெரிஞ்சுதான் அம்புக் கதை சொல்லியிருக்கினம்.” வேண்டாம் என்பேன். கதைக்குள் விஞ்ஞானத்தைத் திணிக்கிறவர் இரண்டையும் கெடுக்கிறார். அம்புக் கதை, வறண்ட நிலத்தில் தண்ணீர் கிடைத்தது ஒரு கருணை என்று சொல்கிறது. அடர்த்திக் கணக்கு, அந்தக் கருணையை எவ்வளவு இறைக்கலாம் என்று சொல்கிறது. நான் அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போது இரண்டும் மனதில் வரும். அறிக்கையில் ஒன்றுதான் வரும்.

அதேநேரம், பழைய வழக்கம் சொல்கிறது என்பதற்காகவே தள்ளிவிடவும் கூடாது. செப்புக் குடத்தில் தண்ணீர் வைத்தால் நல்லது என்பார்கள். அது பரிசோதிக்கக்கூடிய பேச்சு. பரிசோதித்திருக்கிறார்கள், செப்பில் இரவு முழுக்க நிற்கும் தண்ணீரில் பக்டீரியா குறைகிறது. நைத்திரேற்றை அது ஒன்றும் செய்யாது. பாட்டி சொன்னாலும் பேராசிரியர் சொன்னாலும் பரிசோதிக்கக்கூடியதைப் பரிசோதியுங்கள்.

மறுபக்கத்துப் பிழைக்கு எங்கள் ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் செமினரி தொடங்கினார்கள். அதன் அதிபர் டானியல் பூர், 1829 மார்ச் 20 சந்திர கிரகணத்துக்கு அராலி விஸ்வநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் போட்ட கணக்கு பிழை என்று முன்கூட்டியே சொன்னார். ஊர் கூடிப் பார்த்தது. பூரின் நேரம்தான் சரியாக வந்தது. அது வானியலின் வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்துச் சைவம் பொய் என்று காட்டவும் முயன்றார்கள். நிலவு எத்தனை மணிக்கு மறைகிறது என்பதிலிருந்து சிவன் இல்லை என்று வராது, சாஸ்திரியாரின் கணக்கு சரியாக வந்திருந்தால் சிவன் உண்டு என்றும் வந்திருக்காது. இன்றைக்கும் நம் வீடுகளில் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரமும் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒரு நேரமும் சொல்கின்றன. கிரகணம் எப்போது என்று கேட்டால் நான் வானத்தைப் பார்த்த கணக்கைத்தான் எடுப்பேன். அன்று விரதம் பிடிப்பதா என்று கேட்டால் அம்மாவைக் கேட்பேன்.

எங்கள் ஆய்வுகூடத்தில் குருநகர்க் கத்தோலிக்க அண்ணா ஒருவர் இதற்கு ஒரு கதை சொல்வார். ஜோர்ஜ் லெமேத்ர் பெல்ஜியத்துக் குருவானவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் சமன்பாட்டோடு எழுதியவர். 1951-இல் பாப்பரசர் 12-ஆம் பயஸ், அந்தத் தொடக்கத்தைப் படைப்போடு சேர்த்துப் பேசினார். லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலை. தன் சமயத்துக்குச் சாதகமாக வந்த பேச்சையே வேண்டாம் என்றாரே, அதைத்தான் அண்ணா ஒவ்வொரு தரமும் அழுத்திச் சொல்வார்.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடம்

எல்லாம் ஒத்துப்போகும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். சமயத்தின் பெயரால் இயற்கையைப் பற்றிச் சொல்லப்படுகிற ஒரு விஷயம் அளவைக்கு ஒத்துவராவிட்டால், விட்டுக்கொடுக்க வேண்டியது அந்த விஷயம்தான். நம் காலுக்குக் கீழே உள்ள சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, 50 இலட்சம் வருடத்துக்கு முந்தியது. உடைத்துப் பார்த்தால் சிப்பி ஓடுகள் தெரியும். ஒருகாலம் இது கடலடி. இதற்கு முரணாக எந்த நூல் சொன்னாலும் நான் கல்லின் பக்கம் நிற்பேன்.

எனக்கு வலித்து விட்டுக்கொடுத்தது சாதகம். என் தங்கச்சிக்குச் செவ்வாய் தோஷம் என்று நல்ல சம்பந்தம் இரண்டு தட்டிப்போனது. ஒரு பெண் பிறந்த நேரத்தில் செவ்வாய் எந்த வீட்டில் நின்றது என்பது அவள் புருஷனின் ஆயுளைக் குறைக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதை நான் வீட்டில் சொன்னபோது அம்மா, “அப்ப கோயிலையும் விடப்போறியோ?” என்று கேட்டா. இல்லையம்மா என்றேன். அடுத்த நாள் அவவோடு நல்லூருக்குப் போனேன். வாயால் விளக்கியதை விட அது அவவுக்கு அதிகம் விளங்கியது. உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை வரும். தர்க்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும், அம்மாவோடு கோயிலுக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.

போத்தல் இல்லாத நாள்

கடைசியாக ஒன்று. வருடத்தில் சில நாளாவது அளவு கருவி இல்லாமல் தண்ணீருக்குப் போங்கள். இது பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சிரிப்பார்கள், ஆனால் எனக்கு இது கட்டாயம். இந்த வேலையில் பழகிவிட்டால் எந்தக் கிணற்றைக் கண்டாலும் உள்ளே இலக்கம் ஓடத் தொடங்கும். பிறகு கும்பிட முடியாது.

அப்பா போனபிறகு ஆடி அமாவாசைக்கு நாங்கள் கீரிமலைக்குப் போகிறோம். தம்பி பிதிர்க்கடன் செய்வான், நான் படியில் இருப்பேன். யுத்த காலத்தில் நீண்ட வருடங்கள் சனம் நினைத்த நேரம் போக முடியாதிருந்த இடம். அந்தக் கேணியில் நிற்பது கல்லுக்குள் இருந்து ஊறி வருகிற நன்னீர். ஒரு சுவர் தாண்டினால் கடல். ஏன் அங்கே ஊறுகிறது, எந்தப் பக்கத்து மழை அது என்றெல்லாம் எனக்குத் தெரியும். அன்று அதை நினைக்கிறதில்லை. தம்பி எள்ளும் தண்ணீரும் விட்டு முடிந்த பிறகு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அப்பா எனக்கு நீச்சல் பழக்கினபோது பிடித்த மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் முழுகுவேன்.

போன வருடம் அதற்கு அடுத்த திங்கட்கிழமை வேலையாக அதே பக்கம் போக வேண்டியிருந்தது. ஐஸ் பெட்டி, கிருமி நீக்கிய போத்தல் ஆறு, பேனா. காரைவிட்டு இறங்கியதும் கையைக் கழுவிக்கொண்டேன். போத்தலில் திகதியும் நேரமும் எழுதி, மூடியின் உட்பக்கம் விரல் படாமல் திறந்து, கழுத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து ஒரு முழம் ஆழத்தில் அமிழ்த்தினேன்.